சமையல்காரர் கை பட்ட சாப்பாட்டில் எச்.ஐ.வி. வருமா?

காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது: "தை மாதம் எங்கள் வீட்டில் அறுபதாம் கல்யாணம். பல வருஷமாக எங்கள் விசேஷங்களுக்கு வரும் சமையல் ஆட்களில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. காய் நறுக்கும்போது அவர் கை வெட்டுப்பட்டால் சாப்பாட்டில் கலந்து பரவாதா? எல்லோரும் ஒரே வீட்டில் தங்குவதால் கொசு மூலம் வருமா? அதே சமயம் பேரப்பிள்ளைகளுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்தும் வைத்திருக்கிறோம்; ஆசாரி ஊசியால் வருமா? பேசாமல் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?" கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரி: "துபாயிலிருந்து வந்திருக்கும் தம்பி மகனுக்கும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவன் மெடிக்கல் எல்லாம் பாஸ் ஆனவன், அதில் ஒன்றும் பயமில்லை."

ஆச்சி, முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் சமைத்த சாப்பாட்டால் யாருக்கும் எச்.ஐ.வி. வராது. கை வெட்டுப்பட்டு ஒரு சொட்டு ரத்தம் குழம்பில் விழுந்தாலும் வராது. கொசுவாலும் வராது. காதுகுத்து ஊசியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, ஆனால் அதற்கும் அந்தச் சமையல்காரருக்கும் சம்பந்தமில்லை. அவரை வர வேண்டாம் என்று சொல்வது நியாயப்படியும் தவறு, சட்டப்படியும் தவறு. இத்தனை கேள்விகளில் நீங்கள் பயமில்லை என்று எழுதியிருக்கும் ஒரே வரியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. நம் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து, பிறகு நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்தில், பரிசோதனைக்கு வருகிறவர்களோடு பேசும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்ட கேள்விகளைப் படித்தவர், படிக்காதவர், பணக்காரர், கூலிக்காரர் எல்லோரும் அதே பயத்தோடு கேட்பதைக் கேட்டவன்.

சாப்பாட்டில் ஆரம்பிப்போம். இந்த வைரஸ் மனித உடம்பின் சில திரவங்களில்தான் நோயைக் கொடுக்கும் அளவுக்கு இருக்கும்: ரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் ஆசனவாயிலும் சுரக்கும் திரவம், தாய்ப்பால். எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீர் இவற்றில் இல்லவே இல்லை, அல்லது இருந்தும் பயனில்லாத அளவுக்குக் குறைவு. அந்தத் திரவங்களில் ஒன்று வெளியே வந்தால் மட்டும் போதாது. அது காய்வதற்குள் இன்னொருவருடைய ரத்த ஓட்டத்துக்குள்ளோ, பிறப்புறுப்பு, ஆசனவாய் போன்ற இடங்களின் மெல்லிய உட்சவ்வுக்கோ போய்ச் சேர வேண்டும். அங்கே சி.டி.4 என்று சொல்லப்படும் வெள்ளணுக்கள் அதற்குக் கிடைக்க வேண்டும். அந்த அணுக்களுக்குள் புகுந்தால்தான் அதனால் பெருக முடியும். சாப்பாட்டில் பெருகாது, தண்ணீரில் பெருகாது, பாத்திரத்தின் மேல் பெருகாது.

வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு என்ன செய்கிறதோ அதையேதான் இந்த உறைக்கும் செய்கிறது. உறை கரைந்தால் வைரஸ் செத்தது. சூட்டைப் பொறுத்தவரை 56 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தாலே செயலிழந்துவிடும் என்பது ஆய்வகக் கணக்கு. உங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் விறகடுப்பில் கொதிக்கும் சாம்பாரின் சூடு 100 டிகிரி. வெள்ளைப் பணியாரம் ஊற்றும் எண்ணெய்ச் சட்டி அதைவிட எவ்வளவோ மேலே. சரி, சமைக்காத பச்சடி இருக்கிறதே, வெள்ளரிக்காய் நறுக்கும்போது வெட்டுப்பட்டால் என்று அடுத்து கேட்பீர்கள். அப்போதும் வராது. காற்றுப் பட்டு, தயிரின் புளிப்பிலும் உப்பிலும் கலந்து, வாயின் எச்சிலைத் தாண்டி, வயிற்றின் அமிலத்தில் விழும் ஒரு துளி ரத்தத்தால் தொற்று வர வழியில்லை. எச்சிலிலேயே இந்த வைரஸை முடக்கும் பொருள்கள் இருக்கின்றன. ரத்தம் பட்ட பச்சடியைக் கொட்டிவிட வேண்டியதுதான். யார் கை வெட்டுப்பட்டாலும் அது சுத்தம் சார்ந்த விஷயம். எச்.ஐ.வி. இல்லாத சமையல்காரர் ரத்தத்தை மட்டும் யாரும் சாப்பிடப்போவதில்லையே.

மருத்துவ உலகில் உணவு சம்பந்தமாகப் பதிவான விதிவிலக்கு ஒன்றே ஒன்று, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்காவில் சில குழந்தைகளுக்கு, தொற்று இருந்த பெரியவர்கள் சாப்பாட்டைத் தங்கள் வாயில் மென்று ஊட்டியதால் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. ஈறில் கசிந்த ரத்தம் அந்தச் சோற்றில் சூடு மாறாமல் கலந்து நேரே குழந்தையின் வாய்க்குப் போயிருக்கிறது. மிக மிக அரிது. நம் பக்கத்திலும் சில ஆயாக்களுக்குக் கறியை மென்று கொடுக்கும் பழக்கம் உண்டு, எச்.ஐ.வி.யை விட்டுத்தள்ளுங்கள், பல் சொத்தைக் கிருமிக்காகவே அதை நிறுத்தலாம். பந்தியில் இலை போட்டுப் பரிமாறும் சாப்பாட்டுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

உங்கள் குழுவில் அந்தச் செய்தியோடு சேர்த்து அன்னாசிப்பழக் கதையும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். வருஷக்கணக்காகச் சுற்றும் கதை அது. பத்து வயதுப் பையன் அன்னாசிப்பழம் சாப்பிட்டானாம், பதினைந்து நாளில் உடம்புக்கு முடியாமல் போய்ப் பார்த்தால் எய்ட்ஸாம், பழம் விற்றவர் கையில் வெட்டுக்காயமாம். இதை எழுதியவருக்கு நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அந்தப் பதினைந்து நாளிலேயே தெரிகிறது. தொற்று ஏற்பட்டு எய்ட்ஸ் என்னும் முற்றிய நிலைக்குப் போக, மருந்தே சாப்பிடாவிட்டாலும், பெரும்பாலும் எட்டுப் பத்து வருஷம் ஆகும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தொற்று தெரியவே மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். பதினைந்தாம் நாள் அந்தப் பையனுக்கு எய்ட்ஸும் இருந்திருக்காது, பரிசோதனையில் பாசிட்டிவும் வந்திருக்காது. குளிர்பானத்தில் ரத்தம் கலந்தார்கள், சினிமா தியேட்டர் சீட்டில் ஊசி வைத்தார்கள் என்பவையெல்லாம் இதன் அண்ணன் தம்பிகள். கீழே ஏதாவது ஒரு போலீஸ் பேரோ ஆஸ்பத்திரிப் பேரோ இருக்கும், தேதி மட்டும் இருக்காது.

ஊருணியில் சேர்ந்து குளிப்பது, ஒரே செம்பில் தண்ணீர் குடிப்பது, ஒரே கழிப்பறை, ஒரே துண்டு, கைகுலுக்குவது, கட்டிப்பிடிப்பது, இருமல், தும்மல் எதிலும் வராது. நம்மிடம் எச்சில் பார்க்கும் வழக்கம் பலமாக இருப்பதால் இந்தப் பட்டியலில் செம்பும் தட்டும்தான் அதிகம் பேரைத் தடுமாற வைக்கிறது. ஒரு வீட்டில் மருமகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டு, அதே மருமகள் மாவாட்டிச் சுட்ட தோசையை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வேலை வாங்கும்போது நோய் நினைவுக்கு வருவதில்லை.

கொசுவுக்கு வருவோம். டெங்கு வரும் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. கொசு ரத்தம் உறிஞ்சும் குழல் வேறு, கடிக்கும்போது எச்சிலை உள்ளே விடும் குழல் வேறு. முதல் ஆளிடம் குடித்த ரத்தத்தை அது இரண்டாவது ஆளுக்குள் விடுவதில்லை. டெங்கு வைரஸும் மலேரியா கிருமியும் கொசுவின் உடம்புக்குள்ளேயே பெருகி அதன் எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேரும். அதனால்தான் அடுத்த கடியில் பரவுகின்றன. எச்.ஐ.வி.க்குத் தேவையான சி.டி.4 அணு கொசுவிடம் கிடையாது. அது கொசுவின் வயிற்றில் ரத்தத்தோடு சேர்ந்து ஜீரணமாகிவிடுகிறது. அறிவியலை விடுங்கள், ஊரைப் பாருங்கள். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. கொசுவால் பரவுமானால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எண்பது வயதுத் தாத்தாக்களும் டெங்கு வார்டில் படுப்பதுபோல் இதற்கும் வந்து படுத்திருக்க வேண்டும். மையத்துக்கு வந்த குழந்தைகள் ஏறக்குறைய எல்லோருக்கும் பிறப்பிலேயே, தாய் வழியாக வந்ததுதான்.

இனி ஊசி. இங்கேதான் உங்கள் பயத்தில் கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது. தொற்று உள்ளவருக்குப் போட்ட ஊசி மருத்துவப் பணியாளர் கையில் தவறிக் குத்திவிட்டால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு சுமார் 1000ல் 3. அதுவும் உள்ளே துளையுள்ள, ரத்தம் நிறைந்த ஊசி; தொற்று உள்ளவர் மருந்து சாப்பிடாதவர் என்ற கணக்கில். ஆசாரியின் கெட்டி ஊசியில் ஒட்டும் ரத்தம் அதைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் கோயிலில் வரிசையாகப் பல குழந்தைகளுக்கு ஒரே ஊசியால் குத்தினால் வேறு ஒன்று பரவலாம்: ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் வைரஸ். அது காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும், ஊசிக்குத்தில் எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும். எச்.ஐ.வி. என்ற பேரைக் கேட்டால் நடுங்குகிறவர்கள் இதன் பேரைக் கேட்டதில்லை. ஆகவே ஆசாரியிடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் புது ஊசி, அல்லது புதுத் தோட்டின் முனையாலேயே குத்தச் சொல்லுங்கள். வேறு வழியில்லை என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் 20 நிமிஷம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். மஞ்சளில் தோய்த்து எடுப்பது போதாது. பிள்ளைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அட்டவணைப்படி போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். மொட்டைக்குப் புது பிளேடு. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு அலகு குத்திக்கொள்கிறவர்களுக்கும் இதே விதிதான்: ஆளுக்கு ஓர் அலகு, ஒருவர் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தக் கூடாது.

சலூன் பிளேடைப் பற்றி ஒரு பக்கவாட்டுச் செய்தி. சவரக் கத்தியால் எச்.ஐ.வி. பரவும் என்ற பயம் மிகைதான். ஆனால் அந்தப் பயத்தால்தான் நம் ஊர்ச் சலூன்களில் ஆளுக்கொரு புது பிளேடு என்ற வழக்கம் வந்தது. தப்பான காரணத்துக்காக வந்த நல்ல பழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும்.

ரத்தம் ஏற்றுவதில் பயப்படலாமா? தொற்று உள்ள ரத்தம் ஒருவருக்கு ஏற்றப்பட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வந்துவிடும். எல்லா வழிகளிலும் இதுதான் கடுமையானது. அதனால்தான் இந்தியாவில் தானம் பெறும் ஒவ்வொரு யூனிட்டும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்ற விதி வந்தது. பணத்துக்கு ரத்தம் விற்பது உச்ச நீதிமன்ற உத்தரவால் 1998 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. இருந்தும் 2018 டிசம்பரில் சாத்தூர்க் கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். விதி இருக்கிறது, விதியைச் செய்யும் ஆள் தவறினால் நடக்கிறது. பரிசோதித்த ரத்தத்தில் ஆபத்து மிகமிகக் குறைவு. ரத்தம் கொடுப்பவருக்கோ ஆபத்தே இல்லை, ஊசி புதிது. ரத்தம் கொடுத்தால் எய்ட்ஸ் வரும் என்று பையன்களைத் தடுக்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து தடுக்காதீர்கள்.

ஏன் இத்தனை வருஷம் கழித்தும் நம் பயம் இப்படித் தாறுமாறாக இருக்கிறது என்று நான் யோசித்திருக்கிறேன். அமெரிக்காவில் 1981ல் நோயைப் பற்றிய முதல் குறிப்பு வந்தது. 1983ல் பாரிஸில் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இந்தியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில், 1986ல். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து ரத்த மாதிரி எடுத்து வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். துணிச்சலான வேலை. ஆனால் முதல் மாதிரிகள் யாரிடமிருந்து எடுக்கப்பட்டனவோ அவர்களுடைய நோய் என்று ஊர் முத்திரை குத்திவிட்டது. 'கெட்ட சகவாசம்' உள்ளவர்களுக்குத்தான் வரும், நமக்கு வராது. இந்த எண்ணத்தோடு வாழ்கிறவர்களுக்கு, நம்மைப் போன்ற ஒரு குடும்பஸ்தருக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் குழப்பம். அவர் நடத்தையைப் பேச முடியாத இடத்தில் செம்பு, கொசு, ஊசி என்று காரணம் தேடுகிறார்கள். மையத்தில் என்னிடம் 'சலூனில்தான் சார் வந்திருக்கும்' என்று சொன்ன ஆண்கள் ஏராளம். நான் மறுத்துப் பேசியதில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவருக்கும் பார்த்துவிடலாம் என்று மட்டும் சொல்வேன்.

பிறகு புள்ளி ராஜா என்ற கற்பனை ஆளை வைத்து, 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று விழிப்புணர்வு விளம்பரம் சுவரெல்லாம் கேட்ட காலம். தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994லேயே அமைந்தது. இங்கே நடந்த பிரசாரமும் ஆணுறை விநியோகமும் தொற்றைக் குறைத்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாசகத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் யாரும் தன்னைப் புள்ளி ராஜாவாக நினைத்துக்கொள்ளவில்லை. அடுத்த தெரு ஆளைத்தான் நினைத்தார்கள்.

இப்போது அந்தச் சமையல்காரர். முதலில், அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்பதே உங்களுக்கும் எனக்கும் தெரியாது. மதுரை ராஜாஜி மருத்துவமனையில் ஏதோ ஒரு வரிசையில் நின்றதை யாராவது பார்த்திருப்பார்கள். சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வரிசையில் நிற்கிறார் என்றால் மருந்து வாங்குகிறார் என்று அர்த்தம். கூட்டு மருந்துச் சிகிச்சை இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் 2004 ஏப்ரல் முதல் இலவசம். 2017லிருந்து, சி.டி.4 எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், தொற்று தெரிந்த உடனேயே மருந்து தொடங்குகிறார்கள். இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, அதில் மூன்று மருந்து. ஒழுங்காகச் சாப்பிட்டால் சில மாதங்களில் ரத்தத்தில் வைரஸ், கருவியால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவில்கூட எச்.ஐ.வி. பரவாது. ஐரோப்பாவில் ஒருவருக்குத் தொற்று, மற்றவருக்கு இல்லை என்ற நிலையில் உள்ள தம்பதிகளையும் இணையர்களையும் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 2016லும் 2019லும் வெளியாயின. ஆணுறை இல்லாமல் பல பத்தாயிரம் முறை உறவு கொண்டும் மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து அவருடைய துணைக்குப் போன தொற்று பூஜ்யம். தாய்ப்பாலுக்கும், ஊசியைப் பகிர்வதற்கும் இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. உடலுறவுக்குத்தான் இந்த உறுதி. கட்டிய மனைவிக்கே அவரால் வராது என்னும்போது அவர் கிளறிய சர்க்கரைப் பொங்கலால் உங்கள் சம்பந்திக்கு எப்படி வரும்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டி வேலை மறுப்பது, நீக்குவது, வாடகைக்கு வீடு தர மறுப்பது, பள்ளியில் சேர்க்க மறுப்பது, சிகிச்சை தர மறுப்பது எல்லாம் அதில் தடை செய்யப்பட்டவை. வேலைக்கு வர எச்.ஐ.வி. பரிசோதனைச் சான்று கேட்கக் கூடாது; ஆகவே 'எல்லா ஆட்களுக்கும் டெஸ்ட் எடுத்துக் கொண்டுவாருங்கள்' என்று காண்ட்ராக்டரிடம் சொல்லலாமே என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். மருத்துவமனை வழியாகவோ நம்பிக்கையின் பேரிலோ தெரிந்துகொண்ட ஒருவரின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதையும் அந்தச் சட்டம் தடை செய்கிறது. தொற்று உள்ளவர்கள் மேல் வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. உங்கள் பங்காளிகள் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டவருக்கு இதை யாராவது தனியாகச் சொன்னால் நல்லது. சமையல்காரர் பேரோடு வந்த அந்தச் செய்தியை நீங்கள் மேலே அனுப்பவும் வேண்டாம், காண்ட்ராக்டரிடம் விசாரிக்கவும் வேண்டாம். எப்போதும்போல எத்தனை பந்தி, எத்தனை இலை என்று பேசுங்கள். அடுப்படியில் முதலுதவிப் பெட்டி ஒன்று வைத்து, யார் கை வெட்டுப்பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டுப்போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லாருக்கும் ஒரே விதியாக இருந்தால் யாரும் மனம் நோக வேண்டியதில்லை.

கடைசியாக, நீங்கள் பயமில்லை என்று எழுதிய வரி.

உங்கள் தம்பி மகனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆச்சி. தங்கமான பிள்ளையாக இருப்பான். நான் சொல்வது அந்த 'மெடிக்கல் பாஸ்' பற்றி. வளைகுடா விசாவுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை உண்டு, உண்மை. ஆனால் ஒரு பரிசோதனை முடிவு, ரத்தம் எடுத்த தேதிக்குச் சில வாரங்களுக்கு முன்பு வரைக்குமான செய்தியைத்தான் சொல்லும். மூன்று வருஷத்துக்கு முன் எடுத்ததென்றால் அதற்குப் பிறகு நடந்த எதையும் அது சொல்லாது. நம் நாட்டில் இன்றும் பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தொற்று வருவது ஆணுறை இல்லாத ஆண் பெண் உறவில். தொற்று உள்ளவரோடு ஒரு முறை உறவில் வரும் சராசரி வாய்ப்பு பெண்ணுக்கு 10,000ல் 8, ஆணுக்கு அதில் பாதி என்று கணக்குச் சொல்வார்கள். அதைக் கேட்டு இவ்வளவுதானா என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. சராசரி ஏமாற்றும். தொற்று வந்த முதல் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். அப்போது வருவது சாதாரண காய்ச்சல் போலிருக்கும்; பரிசோதனையிலும் பல நேரம் தெரியாது. அந்த வாரங்களில் பரவும் வாய்ப்பு பல மடங்கு. பால்வினைப் புண் ஏதும் இருந்தால் இன்னும் கூடும். ஆண்களுக்கிடையிலான ஆசனவழி உறவில் வாய்ப்பு அதைவிடவும் அதிகம். இதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே கிடையாது, பேசாததால் அது இல்லாமல் போய்விடவில்லை.

ஆகவே பரவுவது பெரும்பாலும் தெரிந்து மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து அல்ல. தனக்கு இருப்பதே தெரியாதவரிடமிருந்து. மையத்தில் நான் பார்த்த பெண்களில் பலருக்குக் கணவரைத் தவிர வேறு யாரையும் தெரியாது. தாலி கட்டிய வீட்டில் வந்தது. கணவர் முதலில் இறந்தால், வந்த ராசி சரியில்லை என்ற பேச்சையும் அந்தப் பெண்தான் கேட்டாள். முதல் கர்ப்பத்துக்கான பரிசோதனையில் அந்தப் பெண்ணுக்குத் தெரியவரும்; அங்கிருந்து பின்னோக்கிப் போய்த்தான் கணவருக்குத் தெரியவரும். அந்தப் பரிசோதனையால் ஒரு பெரிய நல்லது நடந்திருக்கிறது: ஒன்றும் செய்யாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 100ல் 15லிருந்து 45 வரை. தாய் மாத்திரை சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் 5க்கும் கீழே போய்விடும். ஆனால் அந்தத் தாய்க்குத் தொற்று வராமலே இருந்திருக்கலாம் இல்லையா?

கல்யாணத்துக்கு முன் பையன், பெண் இருவரும் சேர்ந்து பரிசோதனை செய்துகொள்வதே நல்லது. ஒருவருக்கு மட்டும் எடுக்கச் சொன்னால் அது சந்தேகமாகிவிடும். கட்டாயப்படுத்தவும் முடியாது, சம்மதம் வேண்டும். பாசிட்டிவ் என்று வந்தால் வாழ்க்கை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். துணையாக வருகிறவரிடம் சொல்லிவிட்டு, மருந்து சாப்பிட்டுக்கொண்டு, தொற்றில்லாத குழந்தை பெற்று வாழ்கிற தம்பதிகள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். மருந்தை மட்டும் யாரோ சொன்ன கஷாயத்துக்காகவோ பவுடருக்காகவோ நிறுத்தக் கூடாது. எச்.ஐ.வி.யை அடியோடு குணப்படுத்துவதாக விற்கிறவர் யாராக இருந்தாலும் பொய் சொல்கிறார்.

பரிசோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் இலவசம். முதலில் ஓர் ஆலோசகர் பேசுவார், சம்மதம் கேட்பார், கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவார்கள். முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தால் வேறு இரண்டு வகைச் சோதனையும் செய்தபிறகுதான் உறுதி சொல்வார்கள். சமீபத்தில் ஏதாவது நடந்திருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய் 28 நாள் சாப்பிடும் தடுப்பு மாத்திரை கேட்கலாம். பேர் வெளியே போகாது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணுக்கு அடித்தால் தமிழிலேயே பேசுவார்கள். பெண் வீட்டார் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், ஜாதகம் பொருந்திவிட்டது என்று தெரிந்த வாரத்தில் நீங்களே பேச்சை எடுத்து, இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் போய்வரச் சொல்லுங்கள். பையன் வீட்டிலிருந்து பேச்சு வந்தால் பெண் வீட்டாருக்கு மறுக்கக் காரணம் இருக்காது.